லேப்டாப் மதர்போர்டிலிருந்து ஒரு குட்டி டெஸ்க்டாப்: முழு வழிகாட்டி

திரை நொறுங்கியோ, கீல் உடைந்தோ, கீபோர்டில் தண்ணீர் கொட்டியோ மூலையில் போடப்பட்ட லேப்டாப்களில் மதர்போர்டு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பிராசஸர், ரேம், எஸ்எஸ்டி, வைஃபை எல்லாம் ஒரு நோட்டுப் புத்தகம் அளவுக்குள் அடங்கிய முழுக் கம்ப்யூட்டர் அது. அதற்கு ஒரு பெட்டி செய்து, மானிட்டரையும் கீபோர்டையும் செருகினால் மேசையில் இடமே அடைக்காத டெஸ்க்டாப் தயார். மின்சாரமும் குறைவாகத்தான் இழுக்கும்.

இந்த வேலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெட்டியைப் பற்றியே அதிகம் பேசுவார்கள். மரமா, அக்ரிலிக்கா, 3டி பிரிண்டா என்று. என்னைக் கேட்டால் பெட்டி கடைசி வேலை, அதில் பெரிய சிக்கலும் இல்லை. சிக்கல் போர்டிடம்தான். பேட்டரி இருக்கிறதா, ஃபேன் சுற்றுகிறதா, மூடி திறந்திருக்கிறதா, சார்ஜர் சரியானதா என்று ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் அது விசாரிக்கும். எது இல்லாவிட்டால் சும்மா இருக்கும், எது இல்லாவிட்டால் மக்கர் பண்ணும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். அதைத் தெரிந்துகொள்ளாமல் பெட்டிக்கு அளவெடுத்தால், பாதி வழியில் எல்லாவற்றையும் மறுபடி பிரிக்க வேண்டிவரும்.

எந்த போர்டு தகும்

கையில் இருப்பதை வைத்துச் செய்வதே நல்லது. ஆனால் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் இன்டெல் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதைப் பாருங்கள். 2017-இல் வந்த அந்தத் தலைமுறையில்தான் 15 வாட் லேப்டாப் சிப்கள் 2 கோரிலிருந்து 4 கோருக்குத் தாவின. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதும் பொதுவாக அங்கிருந்துதான். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால் இது முக்கியம். லினக்ஸ் போடப்போகிறீர்கள் என்றால் இன்னும் பழைய போர்டும் தாராளமாகப் போதும்.

ரேம் ஸ்லாட் இருக்கிறதா, ரேம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சால்டர் செய்த 4 ஜிபி என்றால் நான் அந்த போர்டைத் தொட மாட்டேன். எச்டிஎம்ஐ போர்ட்டின் தலைமுறையும் கவனிக்க வேண்டியது: 1.4 என்றால் 4கே மானிட்டரில் நொடிக்கு 30 ஃபிரேம்தான், மவுஸ் நகர்வதே இழுத்துக்கொண்டு போவது போலத் தெரியும். 60 வேண்டுமென்றால் 2.0 தேவை, அல்லது வீடியோ அனுப்பக்கூடிய யுஎஸ்பி-சி போர்ட். எல்லா யுஎஸ்பி-சி போர்ட்டும் வீடியோ அனுப்பாது.

தனி போர்டாக வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பயாஸ் (ஆன் ஆனதும் முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய போர்டுகள் சந்தையில் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆன் ஆகும், திரையும் வரும், ஆனால் எந்த அமைப்பையும் மாற்ற முடியாது. பயாஸுக்குள் நுழைந்து காட்டச் சொல்லாமல் காசு கொடுக்காதீர்கள்.

ஃபிரேம்வொர்க் நிறுவனம் 2022-இலிருந்து தன் லேப்டாப் மதர்போர்டுகளைத் தனியாகவே விற்கிறது. பேட்டரியோ திரையோ இல்லாமல் ஓடும்படி வடிவமைத்து, போர்டின் அளவுகளையும் மாதிரிப் பெட்டியின் 3டி கோப்புகளையும் வெளியிட்டிருக்கிறார்கள். கூலர் மாஸ்டர் அதற்கென்றே ஒரு பெட்டியும் செய்தது. அந்த போர்டு கையில் இருந்தால் கீழே வரும் தலைவலிகளில் பாதி உங்களுக்கு இல்லை.

பிரிக்கும் முன்

லேப்டாப் முழுசாக இருக்கும்போதே வெளி மானிட்டரைச் செருகி ஆன் செய்யுங்கள். படம் வருகிறதா? எல்லா யுஎஸ்பி போர்ட்டும் வேலை செய்கிறதா? வைஃபை, ஆடியோ? பிரித்த பிறகு ஏதாவது ஓடாவிட்டால், அது முன்பே செத்ததா, நம் கைங்கரியமா என்ற சந்தேகம் வரக் கூடாது.

பயாஸைக் கடைசியாக வந்த பதிப்புக்கு அப்டேட் செய்வதையும் இப்போதே முடித்துவிடுங்கள். பேட்டரி இல்லாவிட்டால் பல லேப்டாப்கள் பயாஸ் அப்டேட்டையே மறுத்துவிடும். பயாஸுக்குள் இருக்கும்போது, கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும் அமைப்பு இருக்கிறதா என்று தேடி, இருந்தால் இயக்கிவிடுங்கள். பின்னால் கைகொடுக்கும்.

டேட்டாவை பேக்கப் எடுங்கள். விண்டோஸில் டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இயங்கினால் அதன் ரிகவரி கீயைக் காகிதத்தில் எழுதி வையுங்கள், பயாஸில் கை வைத்தாலே அது கேட்கக்கூடும். விண்டோஸ் லைசென்ஸ் பற்றிப் பொதுவாகக் கவலை வேண்டாம். அது போர்டோடு கட்டப்பட்டிருப்பதால் கூடவே வரும்.

பிரிப்பது

நல்ல பிஎச்0, பிஎச்00 அளவுச் சின்ன பிளஸ்-தலை ஸ்க்ரூடிரைவர்கள், பிளாஸ்டிக் நெம்பி, இடுக்கி, மல்டிமீட்டர், தெர்மல் பேஸ்ட் (பிராசஸர் சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்தும் பசை), ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், கேப்டான் டேப் (சூடு தாங்கும் மின்காப்பு டேப்). இவ்வளவு போதும். கழற்றும் ஸ்க்ரூக்களை ஒரே கிண்ணத்தில் போடாதீர்கள். காகிதத்தில் லேப்டாப்பின் வடிவத்தை வரைந்து, எந்த இடத்து ஸ்க்ரூவோ அந்த இடத்திலேயே டேப் போட்டு ஒட்டுங்கள். குட்டை ஸ்க்ரூ இருந்த துளையில் நீள ஸ்க்ரூவை முறுக்கினால் அது போர்டின் உள் அடுக்குகளைத் துளைத்துவிடும், அதோடு போர்டு முடிந்தது.

அடிமூடி திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிடுங்குவது. அதற்கு முன் வேறு எதையும் தொடாதீர்கள். முக்கியமாக, திரைக்குப் போகும் கேபிளைக் கரண்ட் இருக்கும்போது கழற்றவே கூடாது. அந்தக் கனெக்டரில் பேக்லைட்டுக்கான உயர் வோல்டேஜ் பின்கள் மற்ற பின்களை ஒட்டியே இருக்கும், கொஞ்சம் சாய்த்து இழுத்தால் பேக்லைட் ஃபியூஸ் போகும், சில சமயம் பிராசஸரும் சேர்ந்து போகும்.

பேட்டரி உப்பியிருந்தால் நெம்பாதீர்கள், குத்தாதீர்கள். மெதுவாக எடுத்து, எரியாத பரப்பில் தனியாக வைத்து, மின்கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

ரிப்பன் கேபிள்களைக் கழற்றும்போது கனெக்டரின் பூட்டைப் பாருங்கள். சிலவற்றில் சின்னக் கதவு மேலே எழும்பும், சிலவற்றில் பட்டை முன்னால் நகரும். பூட்டைத் திறக்காமல் இழுத்தால் போர்டில் இருக்கும் கனெக்டரே பெயர்ந்து வரும். ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ எடுங்கள், கொஞ்சம் அதிகமாகவே எடுங்கள்.

ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்ப்பது

இதுதான் முக்கியமான கட்டம். போர்டை இன்னும் வெளியே எடுக்க வேண்டாம். ஒவ்வொரு பாகமாகத் துண்டித்து, ஒவ்வொரு முறையும் ஆன் செய்து பாருங்கள். ஒவ்வொன்றைத் துண்டிக்கும் முன்னும் அடாப்டரைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து மிச்சக் கரண்டை வடியவிட வேண்டும்.

முதலில் பேட்டரி. அது இல்லாமல் அடாப்டரில் மட்டும் ஆன் ஆகிறதா? பெரும்பாலானவை ஆகும். ஆனால் ஆன் ஆனதோடு திருப்தி அடைந்துவிடாதீர்கள். பிராசஸர் திடீரென்று அதிக கரண்ட் கேட்கும் நேரங்களில் பல லேப்டாப்கள் பேட்டரியிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். பேட்டரி இல்லை என்றால் பாதுகாப்புக்காக பிராசஸர் வேகத்தையே கட்டிப்போடும் மாடல்கள் உண்டு. எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற ஒரு மென்பொருளைத் திறந்து, பிராசஸருக்கு முழு வேலை கொடுத்து, கிளாக் வேகத்தைப் பாருங்கள். பேட்டரி இருந்தபோது 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓடியது இப்போது 1-க்குக் கீழே ஒட்டிக்கொண்டு நின்றால், இந்தப் பிரச்சினைதான். முதலில் இன்னும் பெரிய வாட் உள்ள ஒரிஜினல் அடாப்டரை முயன்று பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் இரண்டே வழி: அந்த வேகத்துக்குத் தகுந்த சின்ன வேலைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்வது, அல்லது நல்ல நிலையில் உள்ள பேட்டரியைப் பெட்டிக்குள்ளேயே வைப்பது.

பேட்டரியை உள்ளே வைத்தால் கரண்ட் போனாலும் கம்ப்யூட்டர் அணையாது என்ற லாபம் உண்டு. ஆனால் எப்போதும் 100 சதவீதத்தில், சூட்டின் பக்கத்திலேயே கிடந்தால் அது உப்பும். பயாஸில் சார்ஜ் வரம்பை 60 அல்லது 80 சதவீதத்தில் நிறுத்த முடிந்தால் மட்டுமே செய்யுங்கள். அப்போதும் பிராசஸரின் சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகமான ஹீட்சிங்க்கிலிருந்து தள்ளி வையுங்கள்.

அடுத்தது திரை கேபிள். அதைத் துண்டித்தபின் பயாஸ் திரை வெளி மானிட்டரில் வருகிறதா? விண்டோஸ் மட்டும் வந்து பயாஸ் வராவிட்டால், நாளைக்கு ஒரு பிரச்சினை என்றால் குருட்டுத்தனமாகத் தட்ட வேண்டியிருக்கும். எச்டிஎம்ஐ, யுஎஸ்பி-சி இரண்டும் இருந்தால் இரண்டையும் சோதியுங்கள், ஒன்றில் வருவது இன்னொன்றில் வராமல் போகலாம்.

பிறகு கீபோர்டு, டச்பேட், ஸ்பீக்கர், கைரேகை சென்சார். இவை இல்லாததைப் பெரும்பாலான போர்டுகள் கண்டுகொள்வதில்லை. ஃபேன் அப்படியில்லை. ஃபேன் சுற்றும் சிக்னல் வராவிட்டால் லெனோவோவின் திங்க்பேட் வகைகள் 'ஃபேன் எரர்' காட்டி அணைந்துவிடும். எப்படியும் ஃபேன் வேண்டும், ஆகவே அதைக் கழிக்கும் எண்ணமே வேண்டாம்.

மூடி விஷயம் கொஞ்சம் தந்திரமானது. லேப்டாப் மூடியில் ஒரு குட்டிக் காந்தம் இருக்கும், அதை உணரும் ஹால் சென்சார் கீழ்ப்பகுதியில் இருக்கும். மூடி போய்விட்டால் காந்தமும் போய்விடும், மூடி திறந்தே இருப்பதாக போர்டு எடுத்துக்கொள்ளும். நல்லதுதான். ஆனால் நாம் செய்யும் பெட்டியில் ஸ்பீக்கரையோ, காந்தம் வைத்துத் திறந்து மூடும் கதவையோ அந்த சென்சார் பக்கத்தில் வைத்தால், காரணமே தெரியாமல் கம்ப்யூட்டர் தூங்கிப்போகும்.

கழிக்கக்கூடியது எது, கூடாதது எது என்ற பட்டியல் இப்போது உங்களிடம் இருக்கும். இனி போர்டை வெளியே எடுக்கலாம். மேசையில் சோதிக்கும்போது அட்டைப்பெட்டி அல்லது மரப் பலகையின் மேல் வையுங்கள். ஆன்டிஸ்டாட்டிக் கவரின் மேல் வைத்து ஆன் செய்யாதீர்கள், அந்தக் கவரில் மின்சாரம் கடத்தும் வகைகளும் உண்டு.

அடாப்டர்

ஒரிஜினல் அடாப்டரையே பயன்படுத்துங்கள். மாற்றுவதாக இருந்தால் வோல்டேஜ் அதேயாக இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடுதலாகவோ இருக்கலாம். டெல், எச்பி அடாப்டர்களின் பிளக்கில் நடுவே ஒரு மெல்லிய பின் இருக்கும். அடாப்டர் எத்தனை வாட் என்று போர்டுக்குச் சொல்வது அதன் வேலை. அந்தத் தகவல் வராவிட்டால் டெல் போர்டுகள் பிராசஸரை மெதுவாக்கிவிடும். ஆகவே பிளக்கை வெட்டி, இரண்டு வயரை மட்டும் இணைக்கும் யோசனையெல்லாம் வேண்டாம்.

யுஎஸ்பி-சி வழியாகப் பவர் எடுக்கும் போர்டு என்றால் பவர் டெலிவரி ஆதரவுள்ள அடாப்டர் வேண்டும். 60 வாட்டுக்கு மேல் போனால் கேபிளும் 5 ஆம்பியர் தாங்கும் வகையாக இருக்க வேண்டும்.

இந்த வகை டெஸ்க்டாப்பில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு: பெட்டிக்குள் பொதுவாகச் சுமார் 20 வோல்ட்டுக்கு மேல் எதுவும் வருவதில்லை. வீட்டு மின்சாரம் வெளியே இருக்கும் அடாப்டரோடு நின்றுவிடுகிறது. அழகுக்காக அடாப்டரையும் பெட்டிக்குள் திணித்தால் அந்தப் பாதுகாப்பும் போகும், உள்ளே சூடும் கூடும்.

பல லேப்டாப்களில் பவர் ஜாக் ஒரு குட்டி வயரின் நுனியில் இருக்கும். அதைப் பெட்டியின் சுவரில் அசையாமல் பொருத்துங்கள். செருகும்போதும் பிடுங்கும்போதும் வரும் இழுவையைச் சுவர்தான் தாங்க வேண்டும்.

பவர் பட்டன்

பட்டன் தனிச் சின்ன போர்டில், ரிப்பன் கேபிளோடு இருந்தால் அதிர்ஷ்டம். பெட்டியில் ஒரு துளை போட்டு அதற்குப் பின்னால் அந்த போர்டை ஒட்டினால் வேலை முடிந்தது.

பட்டன் கீபோர்டிலேயே ஒரு கீயாக இருந்தால் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். கழற்றிய கீபோர்டின் ரிப்பனை எடுத்து, மல்டிமீட்டரைத் தொடர்பு பார்க்கும் பீப் நிலையில் வையுங்கள். பவர் கீயை அழுத்திப் பிடித்தபடி பின்களை இரண்டிரண்டாகத் தொட்டுப் பாருங்கள். அழுத்தும்போது மட்டும் பீப் வரும் ஜோடிதான் நமக்கு வேண்டியது. சில கீபோர்டுகளில் பவர் பட்டனுக்கென்றே தனியாக ஒரு மெல்லிய ரிப்பன் இருக்கும், அப்போது தேடல் இன்னும் சுலபம். பிறகு அடாப்டரைச் செருகி, ஆன் செய்யாமல், போர்டின் கனெக்டரில் அதே இரண்டு இடங்களில் வோல்டேஜ் பாருங்கள். பெரும்பாலும் ஒன்று கிரவுண்டாகவும் மற்றொன்று 3.3 வோல்ட்டுக்கு அருகிலும் இருக்கும். அப்படி இருந்தால் சரியான இடம்தான்.

அந்த இரண்டு பின்களிலிருந்து வயர் எடுக்க, அதே பின் எண்ணிக்கையும் அதே இடைவெளியும் உள்ள ரிப்பன் பிரேக்அவுட் போர்டு (ரிப்பனின் ஒவ்வொரு பின்னையும் வயர் இணைக்க வசதியாக வெளியே கொண்டுவரும் குட்டிப் பலகை) வாங்கலாம். ரிப்பன்களில் 0.5 மி.மீ., 1 மி.மீ. என்று இடைவெளிகள் மாறும், அளந்து வாங்குங்கள். அழுத்தினால் இணைந்து விட்டால் பிரியும் வகை பட்டன்தான் வேண்டும், லைட் ஸ்விட்ச் போல ஆன் நிலையில் நிற்பது உதவாது. எந்தப் பின் என்று தெரியாமல் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒவ்வொன்றாக ஷார்ட் செய்து பார்ப்பவர்களும் உண்டு. கீபோர்டு பேக்லைட்டுக்கான சப்ளை பக்கத்திலேயே இருக்கும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் முடியவில்லையா? கரண்ட் வந்ததும் ஆன் ஆகும் பயாஸ் அமைப்பை ஏற்கனவே இயக்கியிருந்தால் பட்டனே தேவையில்லை. அணைப்பதை மட்டும் விண்டோஸிலோ லினக்ஸிலோ முறையாகச் செய்துவிட்டு ஸ்விட்சை அணையுங்கள்.

சூடு

பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். ஹீட்சிங்க் ஸ்க்ரூக்களின் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் போட்டிருக்கும், அந்த வரிசையிலேயே கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். சிப்களுக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே இருக்கும் மெத்தை போன்ற தெர்மல் பேட் கிழிந்திருந்தால் அதே தடிமனில் மாற்றுங்கள். அரை மி.மீ. கூடினாலும் ஹீட்சிங்க் பிராசஸர் மேல் சரியாக உட்காராது.

லேப்டாப் ஃபேன்கள் பெரும்பாலும் 5 வோல்ட். டெஸ்க்டாப் ஃபேன் 12 வோல்ட், கனெக்டரும் வேறு. ஒரிஜினல் ஃபேனையே வைத்துக்கொண்டு அதற்குக் காற்று தாராளமாகக் கிடைக்கச் செய்வதுதான் புத்திசாலித்தனம். ஃபேனின் வாய்க்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே குறைந்தது 5 மி.மீ. விடுங்கள், 10 என்றால் இன்னும் அமைதியாக ஓடும். சுவரில் ஃபேனுக்கு நேராகவே துளைகள் வேண்டும்.

பலர் கவனிக்காத இடம் வெளியேறும் பக்கம். ஹீட்சிங்க் தகடுகள் பெட்டிச் சுவரை ஒட்டி இருக்க வேண்டும், இடைவெளியைச் சுற்றி ஸ்பாஞ்ச் பட்டை ஒட்டி அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளியே போன சூடான காற்றே உள்ளே திரும்பி, மறுபடி ஃபேனுக்குள் நுழையும். லேப்டாப் தயாரிப்பாளர்கள் அந்த இடத்தில் கறுப்புப் பட்டை ஒட்டியிருப்பது இதற்காகத்தான். பெட்டியை நிறுத்தி வைப்பதாக இருந்தால் வெளியேறும் பக்கம் மேலே வரட்டும்.

பெட்டி மூடிய நிலையில் அரை மணி நேரம் முழு வேலை கொடுத்துப் பாருங்கள். 85 டிகிரிக்குள் நின்றால் நிம்மதி. 95-ஐத் தாண்டினால் துளைகள் போதவில்லை.

பெட்டி

போர்டின் வடிவம் கோணல்மாணலாக இருக்கும், ஸ்கேலால் அளந்தால் பிழை வரும். ஃபிளாட்பெட் ஸ்கேனர் கிடைத்தால் போர்டை ஒரு ஸ்கேலோடு சேர்த்துப் படுக்கவைத்து ஸ்கேன் செய்யுங்கள். அதை அசல் அளவில் பிரிண்ட் எடுத்து, அட்டையில் ஒட்டி, துளைகள் பொருந்துகின்றனவா என்று போர்டை வைத்துப் பாருங்கள். பொருந்தினால் அதுதான் உங்கள் வார்ப்புரு.

3டி பிரிண்ட் என்றால் பிஎல்ஏ பிளாஸ்டிக் வேண்டாம், 60 டிகிரிக்கு அருகிலேயே இளகத் தொடங்கும். பெட்ஜி (PETG) பிளாஸ்டிக் நல்லது. பிளைவுட், அக்ரிலிக் இரண்டும் வேலைக்கு வசதி. உலோகப் பெட்டி என்றால் போர்டுக்குக் கீழே மின்காப்புத் தாள் விரிக்க வேண்டும்.

எம்2 அல்லது எம்2.5 பித்தளை ஸ்டாண்டாஃப்களில் (போர்டைத் தரையிலிருந்து தூக்கிப் பிடிக்கும் குட்டித் தூண்கள்) போர்டை நிறுத்துங்கள். எல்லா ஸ்டாண்டாஃபும் ஒரே உயரமாக இருக்கட்டும், போர்டு வளைந்தால் சிப்களின் அடியில் இருக்கும் சால்டர் விரிசல் விடும். லேப்டாப்பில் போர்ட்டுகளைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உடல்தான் கேபிள் செருகும் அழுத்தத்தைத் தாங்கியது. அது இப்போது இல்லை. அதனால் போர்ட்டுகளுக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்டாண்டாஃப் வையுங்கள், சுவரில் வெட்டும் துளையும் இறுக்கமாக இருக்கட்டும்.

லேப்டாப்பில் போர்ட்டுகள் இரண்டு பக்கமும் இருக்கும். டெஸ்க்டாப்புக்கு அது அசிங்கம். அதிகம் பயன்படும் பக்கத்தைப் பின்னால் திருப்பி வைத்து, மறுபக்கத்து யுஎஸ்பியைப் பேனலில் பொருத்தும் குட்டி எக்ஸ்டென்ஷன் கேபிளால் முன்பக்கம் கொண்டுவரலாம். சில போர்ட்டுகள் தனிச் சின்ன போர்டில் இருந்தால், அதன் ரிப்பன் எட்டும் தூரம்தான் உங்கள் பெட்டியின் அகலத்தைத் தீர்மானிக்கும்.

ஆண்டெனா

வைஃபை ஆண்டெனாக்கள் பெரும்பாலும் திரையைச் சுற்றி ஓடும். திரையைப் பிரித்து அவற்றை முழுசாக எடுத்து, மரம் அல்லது பிளாஸ்டிக் பெட்டியின் உட்சுவரில் ஒன்றுக்கொன்று தள்ளி ஒட்டலாம். உலோகப் பெட்டி என்றால் வெளியே நீட்டும் ஆண்டெனா தேவை. வைஃபை கார்டில் இருக்கும் பொத்தான் கனெக்டர்கள் இரண்டு அளவுகளில் வருகின்றன, பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும், மாற்றி வாங்கிவிடாதீர்கள். திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டினால் தளர்ந்தும் போகும்.

ஆன் செய்த பிறகு

விண்டோஸ் பவர் அமைப்பில், மூடி மூடினால் 'எதுவும் செய்யாதே' என்று வையுங்கள். லினக்ஸில் லாகின்டி (logind) அமைப்புக் கோப்பில் இதே வேலையைச் செய்யலாம். கடிகாரம் ஒவ்வொரு முறையும் பின்னால் போனால், போர்டின் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும். சில புதிய மாடல்களில் அந்தப் பேட்டரியே கிடையாது, பெரிய பேட்டரியிலிருந்துதான் கடிகாரம் ஓடும். அப்படியானால் இணையத்திலிருந்து நேரத்தை எடுக்கும்படி வைத்துவிடுங்கள். தேதி தப்பாக இருந்தால் இணையதளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டும்.

மானிட்டர் இல்லாமல் சர்வராக ஓட்டி, ரிமோட்டில் திரையைப் பார்ப்பதாக இருந்தால் மானிட்டர் இருப்பதாக போர்டை நம்பவைக்கும் எச்டிஎம்ஐ டம்மி பிளக் ஒன்று செருகிவையுங்கள். இல்லாவிட்டால் சில போர்டுகள் மிகச் சிறிய ரெசல்யூஷனிலேயே நின்றுவிடும்.

மிச்சப் பாகங்களில், உடையாத திரை இருந்தால் அதன் பின்பக்கம் மாடல் எண் ஒட்டியிருக்கும். அந்த எண்ணுக்கேற்ற கன்ட்ரோலர் போர்டு வாங்கினால் அதுவே இந்த டெஸ்க்டாப்புக்கு மானிட்டர் ஆகும். வெப்கேம் உள்ளுக்குள் சாதாரண யுஎஸ்பிதான், ஆனால் பலவற்றுக்கு 3.3 வோல்ட்தான் வேண்டும். யுஎஸ்பியின் 5 வோல்ட்டை நேராகக் கொடுக்கும் முன் மாடல் எண்ணைத் தேடிப் பார்த்துவிடுங்கள்.